நூற்று நாற்பத்தேழாவது சம்மதக் கடிதம்

பூவராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் என்றால் எதிரில் இருப்பவர் கதை முடிந்தது. திட்ட மாட்டார், கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், மடக்குவார், ஓசை வராமல் வைப்பார், அப்புறம் சும்மா பார்ப்பார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்தப் பார்வையை முழுசாகத் தாங்கிய தயாரிப்பாளர் ஒருத்தரும் கிடையாது.

குழந்தைகள் பார்வைத் தகுதி வாரியத்தில் அவர் முதுநிலைப் பரிசீலகர். ஒரு தொடர் டி.வி.யில் ஓடினாலும் சரி, இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு சுவர் முழுக்க ஓடுகிறதே, அதில் ஓடினாலும் சரி, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதைப் பார்க்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். காரட் திருடும் முயலைப் பற்றிய பொம்மைத் தொடரை, திருட்டை நியாயப்படுத்துகிறது என்று ஒரு வருஷம் முடக்கி வைத்த புண்ணியவான் அவர்.

இப்போது அவர் மேஜையில் 'கருநீலக் காடு' வந்து உட்கார்ந்திருந்தது. மொத்தம் பத்து எபிசோடு. சூரியன் உதிக்காத ஒரு காட்டு ராஜ்யம். அங்கே கருங்கோலன் என்று ஒரு பிசாசு. தோளில் சாக்குப் பையோடு வரும், இருட்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், 'ஏன்' என்று கேட்ட பிள்ளையைப் பையில் போட்டு எலும்பு ஊசியால் வாயைத் தைத்துவிடும். பையின் வாயைத்தான். ஊரில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் இது எப்போது வெளிவரும் என்று தவம் கிடந்தார்கள்.

பூவராகவன் அதன் இரண்டு நிமிஷ முன்னோட்டத்தை மட்டும் பார்த்திருந்தார். அதிலும் ஒன்றரை நிமிஷம் விரல் இடுக்கு வழியாக. ஆபீஸ் அறியாத, மனைவி தேன்மொழி மட்டும் அறிந்த ரகசியம் என்னவென்றால், மனிதருக்குப் பேய் என்றால் பயம். நாற்பத்தொன்பது வயதில், தொந்தியும் நரையுமாக, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால்கூட வாய்க்குள் கந்த சஷ்டி முணுமுணுப்பார்.

ஆகவே முடிவு எப்போதோ எடுத்தாயிற்று. அந்த ஆபீஸ் வழக்கமே அதுதான். ஆணையை முதலில் டைப் செய்து ஃபைலின் மேலே வைத்துவிடுவார்கள், தொடரைப் பார்ப்பது பிறகு, அதுவும் நேரமிருந்தால். 'இளம் பார்வையாளர்களுக்கு முற்றிலும் பொருத்தமற்றது' என்ற வரைவு ஆணை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

இந்தத் தடவை அவருக்கு மனசாட்சி உறுத்தவும் இல்லை, ஏனென்றால் வீட்டிலேயே சாட்சி இருந்தது. பதினொரு வயது மகள் இதழினி பத்து நாளாகச் சரியாக இல்லை. அப்பா ஆபீஸ் பையோடு உள்ளே நுழைந்தால் பிள்ளை எழுந்து அறைக்குள் போய்விடுகிறது. பையின் ஜிப்பைத் திறந்தால் முகம் வெளுக்கிறது. முன்தினம் மாலை தோசைத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கருநீலக் காடு ஃபைல் உங்க கிட்ட வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எல்லா பேப்பரையும் படிப்பீங்களா? கடைசி வரைக்கும்?"

"பின்ன? ஒரு பேப்பர் விடாம படிப்பேன்," என்றார் பூவராகவன். ஃபைலின் பின்னிணைப்பை வாழ்நாளில் ஒருமுறைகூடப் புரட்டாதவர்.

இதழினி பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் தட்டுப் பக்கத்தில் வைத்தார். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

"அவ என்னமோ மறைக்கறா, பாருங்க," என்றாள் தேன்மொழி.

"மறைக்க என்ன இருக்கு? பயம். முன்னோட்டத்த எங்கயோ பாத்திருக்கா. பிசாசு சாக்குப் பையோட வருதுல்ல? அதான் என் பையப் பாத்தாலே நடுங்குறா. ரெண்டு நிமிஷத்துக்கே பச்சப் புள்ள இப்படி ஆயிட்டான்னா, பத்து எபிசோடு என்ன பண்ணும்? விடமாட்டேன். என் புள்ளைக்காகவாவது இத விடமாட்டேன்." மனிதருக்கு மகள் என்றால் உயிர். அதை மகளிடம் சொல்லத்தான் வராது.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார். நடுவில் தொப்பி வந்து கெடுத்தது.

"இந்தக் கருமம் எதுக்கும்மா?" என்று கேட்டார். பரிசோதனை அறையில் சாய்வு நாற்காலி, எதிரே சுவர் முழுக்கத் திரை, பக்கத்தில் தொழில்நுட்ப உதவியாளர் ஜெசிந்தா. அவள் கையில் வயர்கள் தொங்கும் ஒரு தொப்பி.

"புது ரூல் சார். தயாரிப்பாளருங்க எறநூறு பசங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க இல்ல? அத்தன பேரும் 'பயமே இல்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அடுத்த எபிசோடு வேணும்னா பசங்க எத வேணா எழுதுவாங்க. சரி, பெரியவங்கள கேக்கலாம்னா நீங்கள்லாம் முயலுக்கே பயப்படறீங்க. அதான் பெரியவங்களையே பசங்களா ஆக்கி உக்கார வெச்சிடலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"நான் சின்னப் பையன் ஆயிடுவேனா?"

"உடம்பு இப்படியேதான் சார் இருக்கும், அதுக்கு எங்க கிட்ட மருந்து இல்ல. மூளைல ஒம்பது வயசுக்கு அப்புறம் நீங்க கட்டின மாடியெல்லாம் இருக்குல்ல, அதுக்குப் போற படிய ரெண்டு மணி நேரம் மறிச்சிடுவோம். கீழ் வீட்ல மட்டும் இருப்பீங்க."

"திரும்பி வந்துடுவேனா?"

"எல்லாரும் வந்திருக்காங்க சார். துணை இயக்குநர் மேடம் மட்டும் ஒரு வாரம் மீட்டிங்ல விரலத் தூக்கி 'மிஸ், பாத்ரூம்'னு கேட்டுட்டு இருந்தாங்க. இப்ப சரியாயிட்டாங்க."

"உள்ள இருக்கும்போது நடந்ததெல்லாம் மறந்துடும்ல?"

"ஒன்னும் மறக்காது சார். அதான் கொஞ்சம் சங்கடம்."

பூவராகவன் யோசித்தார். ஒன்பது வயதுப் பூவராகவன் கருங்கோலனைக் கண்டு அலறுவான், மிஷின் அதைப் பதிவு செய்யும், ஆணைக்கு அசைக்க முடியாத ஆதாரம் கிடைக்கும். நல்லதாப் போச்சு. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போடச் சொன்னார். ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பி இறங்கியது.

முதலில் அவன் தன் கையைத்தான் பார்த்தான்.

"ஐயே! கையெல்லாம் முடி!"

"தம்பி, உன் பேரு என்ன?" என்றாள் ஜெசிந்தா.

"கோ. பூவராகவன், நாலாம் வகுப்பு ஆ பிரிவு, ஸ்ரீமுஷ்ணம்." தொந்தியை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தான். அது குலுங்கியது. மறுபடி தட்டினான். "அக்கா, இது என்னோடதா?"

"உன்னோடதுதான். படம் பாக்கலாமா?"

விதிப்படி, பத்தில் அதிகம் பயமுறுத்துகிற மூன்றாவதும் எட்டாவதும். அறை இருண்டது. கருநீலக் காட்டில் காற்று ஊளையிட்டது. ஆலமர விழுதுகளுக்கு நடுவே கருங்கோலன் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். இதுவரை எட்டுத் தடவை பார்த்திருந்த ஜெசிந்தாவுக்கே முதுகில் சில்லிட்டது.

"ஹை! சட்டையே போடல!" என்றான் பூவராகவன். "அந்தச் சாக்கு ரேஷன் கட சாக்கு. அதுல ஓட்ட இருக்கும், எலி கடிச்சிருக்கும். அந்தப் பையன் காம்பஸால குத்திட்டு வெளிய வந்துடலாம், மக்கு, மக்கு!"

ஒரு தலை உருண்டது. அவன் கை தட்டினான். இன்னொரு தலை உருண்டது. "ஒன்ஸ்மோர்!" என்று நாற்காலியில் குதித்தான். எண்பத்திரண்டு கிலோ குதித்ததில் நாற்காலி கிரீச்சிட்டது. பிசாசு எலும்பு ஊசியை எடுத்துப் பையைத் தைக்கும்போது மட்டும் முகத்தைச் சுளித்து, "எங்கம்மா இதவிட நல்லா தைப்பாங்க," என்றான்.

பக்கத்து மானியில் பயத்தைக் காட்டும் சிவப்புக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஜெசிந்தா மிஷின் கெட்டுவிட்டதோ என்று அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள்.

இரண்டு எபிசோடுக்கும் நடுவே பத்து நிமிஷ இடைவேளை. பூவராகவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மடியில் இருந்த ஃபைலைப் பிரித்தான். மேலே இருந்த வரைவு ஆணையை எடுத்து, மூன்று மடிப்பில் நல்லதாக ஒரு ராக்கெட் செய்து விட்டான். அது போய் ஏ.சி.யின் தலையில் உட்கார்ந்தது. பிறகு, முதுநிலைப் பரிசீலகர் இத்தனை வருஷம் செய்யாத காரியத்தைச் செய்தான். பின்னிணைப்பைப் புரட்டினான்.

தொடரைப் போட்டுக் காட்டிய இருநூறு பிள்ளைகளின் சம்மதக் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர், கீழே அப்பாவோ அம்மாவோ போட்ட பேனாக் கையெழுத்து. முகத்தையும் குரலையும் விரல்ரேகையையும் அச்சு அசலாகச் செய்துவிடும் மிஷின்கள் வந்த பிறகு, பள்ளிக்கூடங்கள் எல்லாம் மறுபடி பேனா மைக்கே திரும்பிவிட்டிருந்தன. மையைத்தான் நம்பலாமாம்.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். இது நிஜம். இதுவும் நிஜம். இது அவசரத்தில் போட்டது. திடீரென்று நின்றான். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வித்வானின் சிரிப்பு வந்தது.

"அக்கா, இது பொய்க் கையெழுத்து."

"எப்படிச் சொல்ற?"

"நெஜக் கையெழுத்துன்னா பேனா நிக்காது, சர்ர்னு போயிடும். இதுல பாருங்க, இங்க நின்னிருக்கு, இங்க நின்னிருக்கு. பக்கத்துல வேற ஒன்ன வெச்சுப் பாத்துப் பாத்துப் போட்டிருக்கா. ஆனா சூப்பரா போட்டிருக்கா அக்கா. வால் பிரமாதம்."

"உனக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?"

மானியில் சிவப்புக் கோடு லேசாகத் தலை தூக்கியது. பூவராகவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சாமி சத்தியமா?"

"சத்தியமா."

"நானும் போடுவேன். ரேங்க் கார்டுல, எங்கப்பா கையெழுத்த. கணக்குல முப்பத்திரண்டு."

"பாத்தா அப்பா அடிப்பாரா?"

"அடிச்சா பரவால்லியே!" என்றான். "வேலு அப்பாகூட அடிப்பாரு, அடிச்சிட்டு முறுக்கு வாங்கித் தருவாரு. எங்கப்பா அடிக்க மாட்டாரு. கண்ணாடியக் கழட்டி மேஜ மேல வெச்சிட்டு, சும்மா பாப்பாரு. எவ்ளோ நேரம் தெரியுமா?"

சிவப்புக் கோடு எழுந்தது. எழுந்து, எழுந்து, மானியின் உச்சியில் போய் முட்டி அங்கேயே நின்றது. கருங்கோலனால் ஒரு இம்மிகூட அசைக்க முடியாத கோடு. ஜெசிந்தா இந்தத் தடவை மிஷினைத் தட்டிப் பார்க்கவில்லை. இந்த ஆபீஸில் அந்தக் கண்ணாடியைப் பார்த்து அவளே எத்தனை தடவை வியர்த்திருக்கிறாள்!

அவன் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"பாவம் அக்கா இந்தப் பொண்ணு. இவங்க அப்பாவும் அப்படித்தான் போல. கேட்டா திட்டாம போட்டுக் குடுக்குற அப்பான்னா, எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு வால் எல்லாம் போடப் போறா?"

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். வரிசை எண் நூற்று நாற்பத்தேழு. மாணவி: பூ. இதழினி, ஆறாம் வகுப்பு. கீழே, விடுப்பு விண்ணப்பங்களில் அவள் நூறு தடவை பார்த்த கையெழுத்து. சத்தமில்லாமல் அந்தத் தாளை உருவிப் பதிவேட்டுக்கு அடியில் சொருகினாள்.

எட்டாவது எபிசோடையும் அவன் அரிசிப்பொரி தின்கிற உற்சாகத்தோடு பார்த்து முடித்தான். "ஒம்பதாவது போடுங்கக்கா, ஒன்னே ஒன்னு," என்று கெஞ்சினான். கடைசியில் விதிப்படி அறிக்கைப் படிவத்தை நீட்டினாள். 'பொறுப்பாளர் கையொப்பம்' என்ற இடத்தைப் பார்த்ததும் அவன் நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, பழகின கையால் அழகாகப் போட்டுக் கொடுத்தான்.

தொப்பி கழன்றது.

பூவராகவன் முதலில் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். மடித்துப் போட்ட துண்டு நனையவே இல்லை. கையை நீட்டி, "அந்தப் பேப்பர குடும்மா," என்றார்.

"எந்தப் பேப்பர் சார்?"

"நூத்தி நாப்பத்தேழு."

கொடுத்தாள். அவர் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ தொடர்களின் தலையெழுத்தை எழுதிய அவருடைய சொந்தக் கையெழுத்து. 'பூ'வின் சுழியில் ஒரு இடத்தில் பேனா நின்றிருந்தது. வாலுக்குத் திரும்பும் முனையில் இன்னொரு இடத்தில். அந்த இரண்டு புள்ளியிலும் பிள்ளை எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த மூச்சை அவரும் பிடித்திருக்கிறார். சாக்குப் பையாம், முன்னோட்டமாம்! பிள்ளை பயந்தது அவர் பைக்குள் இருந்த ஃபைலுக்கு. அதைவிடவும் அவருக்கு. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போய் இவள் பத்து எபிசோடையும் பார்த்தாயிற்று.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பேய் பயமே தெரியாமல்தான் அவரும் பிறந்திருக்கிறார். அது எப்போது வந்தது என்று இப்போது புரிந்தது. ஆஸ்பத்திரியில் இதழினியைக் கையில் கொடுத்த அன்று வந்தது. அன்றிலிருந்து அவளை எது தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று ஒவ்வொரு இருட்டாகப் பார்த்துப் பயந்தவர், அவள் எதைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று மட்டும் பார்க்கவில்லை. அப்பாவைப் போல ஆகக் கூடாது என்று ஒன்பது வயதில் நினைத்த பயல், கண்ணாடி போட்ட கையோடு அப்பாவாகவே ஆகித் தொலைத்துவிட்டான்.

"சார்," என்றாள் ஜெசிந்தா தயங்கி. "ரிப்போர்ட்ல பேய், ரத்தம், இருட்டு எல்லாத்துக்கும் பூஜ்யம். 'பிற'ன்ற கட்டத்துல மட்டும் உச்சத்துக்குப் போயிருக்கு. அதுக்கு என்ன எழுதட்டும்?"

"ஒன்னும் எழுதாத. அது தொடர்ல இல்ல. அத நான் பாத்துக்கறேன்."

"இன்னொன்னு சார். கையொப்பம் போட்ட இடத்துல 'ரா. கோவிந்தராசு'ன்னு இருக்கு."

"எங்கப்பா."

"கூப்பிட்டுக் கேட்டா..."

"அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சும்மா. வேற ஃபாரம் குடு." வாங்கி, பதினொரு வயது முதல் பார்க்கலாம் என்று எழுதி, பேனா நிற்காமல் கையெழுத்துப் போட்டார். ஏ.சி. மேலிருந்த ராக்கெட்டை யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி. பையைப் பார்த்ததும் இதழினி வழக்கம்போல் எழுந்தாள்.

"இதழ்மா, உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் பையைத் திறந்தார். அவள் முகம் வெளுத்தது. உள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மட்டும் எடுத்தார். தாளில் மெதுவாக, நாக்கு உதட்டோரம் எட்டிப்பார்க்க, ஒரு கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"யாருது இது?"

"தாத்தாவோடது. ஆனா தாத்தா போட்டதில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் அந்தச் சுழியைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்க பேனா நின்னிருக்கு," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நிமிர்ந்தாள். உதடு துடித்தது.

பூவராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கலாம் என்று கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். மகளின் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஒடுங்கின. ஐயோ என்று இருந்தது அவருக்கு. கையை இறக்கிவிட்டு, கலங்கின கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"நாலாம் வகுப்புல போட ஆரம்பிச்சேன். பத்தாவது வரைக்கும் மாட்டல," என்றார். "உன் வேலதான் என்னோடதவிட சுத்தம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் உண்மையாக. "இனிமே கேளு. வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன். ஆனா சும்மா பாத்துட்டு உக்கார மாட்டேன். வாயத் தொறந்து சண்ட போடுவேன். நீயும் போடு."

அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எட்டாவது எபிசோடுல ஒரே ஒரு எடம் மட்டும் பயமா இருந்துச்சுப்பா," என்றாள். "ஆனா ஃபாரத்துல இல்லன்னு எழுதிட்டேன்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் பூவராகவன். இருநூறு பேரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

தொடர் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கூடத்துச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தேன்மொழி வறுத்த கடலையோடு. தலையில் தொப்பி இல்லாமல் பூவராகவன் முழு நாற்பத்தொன்பது வயதோடு தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காட்டில் காற்று ஊளையிட்டது. விழுதுகள் விலகின. எங்கோ சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. அவர் வாய் முணுமுணுக்கத் தொடங்கியது.

இதழினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நகர்ந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"அவன் வரப்போறான்ப்பா. கண்ணாடியக் கழட்டி எங்கிட்ட குடுத்துடுங்க, ஒன்னும் தெரியாது. போனதும் தரேன்."

பூவராகவன் கண்ணாடியைக் கழற்றினார், மடக்கினார், மகள் கையில் வைத்தார்.